கிளப்பும் கோச்சும் இருக்கும்போது தேசியப் பாய்மரச் சங்கம் எதற்கு?

கேள்வி இது: "என் மகளுக்கு 11 வயது. கோடைப் பயிற்சியில் சேர்ந்தவள், இப்போது சென்னைத் துறைமுகத்தில் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகு ஓட்டுகிறாள். தேசியப் போட்டிக்குப் போகலாம் என்கிறார் கோச். அதிலிருந்து 'யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா' என்ற பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. சொல்லிக்கொடுக்கக் கிளப் இருக்கிறது, கோச் இருக்கிறார். டெல்லியில் இருக்கும் ஒரு சங்கம் எங்களுக்கு என்ன செய்கிறது?"

நல்ல கேள்வி. இதை ஆரம்பத்திலேயே கேட்கும் பெற்றோர் குறைவு. பிள்ளைக்குப் பதினாறு வயதாகி, தேர்வுப் பட்டியலில் பெயர் விடுபட்ட பிறகுதான் பலர் கேட்கிறார்கள்.

காற்றைப் பிடித்துப் படகை நகர்த்தக் கற்றுத்தருவது கிளப். அந்த ஓட்டத்தைப் போட்டியாக எடுத்துக்கொள்ளலாமா, அதில் கிடைத்த இடத்துக்கு வெளியூரில் மதிப்பு உண்டா, ரேஸில் தகராறு வந்தால் கடைசித் தீர்ப்பு யாருடையது, இந்தியாவின் பெயரைப் பாயில் ஒட்டிக்கொண்டு யார் போவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது தேசியச் சங்கம். இதில் நான் கடைசியாகச் சொன்னதை மட்டுமே பெற்றோர்கள் கவனிக்கிறார்கள். கமிட்டிப் படகில் நின்று ரேஸ் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தகராறு விஷயம்தான் முக்கியம். இந்த விளையாட்டுக்குச் சங்கம் தேவைப்படுவதே முதலில் அதற்காகத்தான்.

அமைப்பை மட்டும் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். உலக அளவில் இருப்பது வேர்ல்ட் செயிலிங். 1907-ல் பாரிஸில் சர்வதேச யாட் ரேஸிங் யூனியன் என்று தொடங்கியது. 1996-ல் ஐசாஃப் என்று பெயர் மாறி, 2015-ல் இப்போதைய பெயருக்கு வந்தது. அலுவலகம் லண்டனில். ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒரு சங்கத்தைத்தான் அது உறுப்பினராக ஏற்கும். பிரிட்டனுக்கு ராயல் யாட்டிங் அசோசியேஷன், அமெரிக்காவுக்கு யு.எஸ். செயிலிங், இந்தியாவுக்கு நீங்கள் கேட்டிருக்கும் யாட்டிங் அசோசியேஷன். ஒய்.ஏ.ஐ. என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பாய் கட்டிய பலகையில் நின்று ஓட்டும் விண்ட்சர்ஃபிங்கும் இதன் கீழேதான் வருகிறது. துடுப்பு போடும் ரோயிங், கயாக்கிங் எல்லாம் வேறு சங்கங்கள். படகு என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கால்பந்தில் விசில் ஊதுகிறவர் மைதானத்திலேயே ஓடிக்கொண்டிருப்பார். கிரிக்கெட்டில் அம்பயர் நிற்கிறார், அவருக்கு மேலே மூன்றாவது அம்பயரும் இருக்கிறார். பாய்மரப் போட்டியில் நாற்பது, ஐம்பது படகுகள் கடலில் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி ஓடும். ஒவ்வொரு படகின் பக்கத்திலும் நடுவர் நிற்க முடியாது. உடம்பை ஆட்டியோ பாயை இழுத்து இழுத்து விட்டோ சட்டவிரோதமாகப் படகைத் தள்ளுகிறார்களா என்று பார்க்கப் பெரிய போட்டிகளில் மட்டும் மஞ்சள் கொடியுடன் சில ஜூரி படகுகள் சுற்றும். படகும் படகும் உரசிக்கொண்டால், வழி விட வேண்டியவர் விடாமல் போனால், அதைத் தண்ணீரில் தீர்க்க ஆள் கிடையாது. விதிகளைப் போட்டியாளர்களே கடைப்பிடித்து, அவர்களே அமல்படுத்தவும் வேண்டும் என்பது விதிப்புத்தகத்தின் முகப்பிலேயே உள்ள அடிப்படைக் கோட்பாடு. பதினோரு வயதுப் பிள்ளைக்கும் இதுதான், ஒலிம்பிக் வீரருக்கும் இதுதான்.

உங்கள் மகளின் ரேஸையே எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ட்டுக்கு 5 நிமிடம் முன்பு கமிட்டிப் படகில் அவளுடைய பிரிவின் கொடி ஏறும், கூடவே ஒரு ஒலி. 4 நிமிடம் இருக்கும்போது 'பி' (P) கொடியோ வேறு தயார்க் கொடியோ ஏறும். 1 நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். நேரம் வந்ததும் பிரிவுக் கொடி இறங்கும், ரேஸ் தொடங்கிவிட்டது. ஹாரன் வேலை செய்யவில்லை, சத்தமே கேட்கவில்லை என்று யாரும் முறையிட முடியாது. நேரத்துக்குக் கொடிதான் ஆதாரம். ஒலி வராமல் போனால் அதைப் பொருட்படுத்தக் கூடாது என்று விதியே சொல்கிறது. கடற்காற்று எழுந்த பிற்பகலில், துறைமுக அலைதடுப்புச் சுவரைத் தாண்டி வெளியே போனால் நல்ல ஏற்ற இறக்கம் இருக்கும். அந்த அலையில், ஸ்டார்ட் கோட்டுக்குப் பின்னால் முப்பது குழந்தைகள் இடம் பிடிக்க முட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் கடைசி நிமிடத்தைக் கிட்ட இருந்து பார்த்தால், விதி எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டியிருக்கிறது என்பது புரியும்.

ஸ்டார்ட் ஆகி முதல் மிதவையை நோக்கி எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏறும்போது இரண்டு படகுகள் குறுக்கே சந்திக்கின்றன. உங்கள் மகளுக்குக் காற்று வலப்பக்கமிருந்து வருகிறது, அதாவது அவள் ஸ்டார்போர்டில் இருக்கிறாள். எதிரே வரும் பையன் போர்ட்டில். வழி விட வேண்டியது அவன். அவன் விடவில்லை, மோதலைத் தவிர்க்க அவள் சுக்கானைத் திருப்பிவிட்டாள். அப்போது அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தக் கணமே "புரொடெஸ்ட்" என்று உரக்கக் கத்த வேண்டும். 6 மீட்டருக்குக் குறைவான படகில் சிவப்புக் கொடி காட்ட வேண்டியதில்லை. ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர்தான், அவளுக்குக் குரல் போதும். தவறு தன்னுடையது என்று அந்தப் பையனுக்குப் பட்டால், விலகிப் போய் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம். கணக்கு அங்கேயே தீர்ந்தது. சுற்றவில்லையென்றால் கரைக்கு வந்ததும் அவள் முறையீட்டுப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். போட்டிக்கான அறிவுரைகளில் வேறு நேரம் குறிக்கப்படாவிட்டால், கடைசிப் படகு முடித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் வரை அவகாசம்.

பிறகு விசாரணை. ஒரு அறையில் மேசை, அதன் மேல் சிறிய பொம்மைப் படகுகள், காற்றின் திசையைக் காட்ட ஒரு அம்புக்குறி. இரண்டு குழந்தைகளும் படகுகளை நகர்த்தி நகர்த்தி, எந்தக் கணத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று காட்டுவார்கள். சாட்சி கூப்பிடலாம், எதிராளியைக் கேள்வி கேட்கலாம். முடிவில், விசாரிக்கும் புரொடெஸ்ட் கமிட்டி முதலில் நடந்தது இன்னது என்று எழுதும், அதற்குப் பொருந்தும் விதியை எழுதும், தீர்ப்பைச் சொல்லும். பன்னிரண்டு வயதுக் குழந்தை தன் தரப்பைக் குரல் நடுங்காமல் சொல்லி முடிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். பள்ளியில் எந்தப் பாடமும் இதைத் தருவதில்லை.

அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார்? அவருக்கு விதி தெரியும் என்பதற்கு யார் பொறுப்பு? அவர் தவறாகத் தீர்ப்புச் சொன்னால் எங்கே போவது? மூன்றுக்கும் பதில் தேசியச் சங்கம். ரேஸ் ஆபீசர், ஜட்ஜ், அம்பயர், படகு அளப்பவர் என்று இந்த விளையாட்டில் நான்கைந்து வகை அதிகாரிகள் இருக்கிறார்கள். பாடம் நடத்தி, தேர்வு வைத்து, சான்று கொடுத்து அவர்களைத் தேசிய அளவில் உருவாக்குவது ஒய்.ஏ.ஐ. அதற்கு மேலே சர்வதேசத் தகுதி வேர்ல்ட் செயிலிங்கிடமிருந்து வரும், ஆனால் அந்த ஏணியில் ஏறத் தேசியச் சங்கத்தின் பரிந்துரை வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். சாப்பாடும் பயணச் செலவும் கிடைத்தால் உண்டு. காலை எட்டு மணிக்குக் கமிட்டிப் படகில் ஏறி, காற்று வருமா வராதா என்று பார்த்துக்கொண்டே வெயிலில் காய்ந்து, மாலையில் விசாரணை முடிக்க இரவு ஒன்பதாகும். இவர்கள் இல்லாமல் ஒரு ரேஸும் ஓடாது. நல்ல ஓட்டுநர்களை உருவாக்கும் நாடுகள் எல்லாமே முதலில் நல்ல ரேஸ் ஆபீசர்களை உருவாக்கியிருக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

கிளப்பின் புரொடெஸ்ட் கமிட்டி சொன்ன தீர்ப்பு விதிக்குப் புறம்பானது என்று பட்டால், எழுத்துப்பூர்வமான தீர்ப்பு கைக்கு வந்த 15 நாட்களுக்குள் தேசியச் சங்கத்துக்கு மேல்முறையீடு அனுப்பலாம். மேல்முறையீட்டில் "நடந்தது அப்படியல்ல, இப்படி" என்று வாதாட முடியாது. நடந்தது எது என்று கமிட்டி எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பொருத்திய விதி சரியா, விசாரித்த முறை சரியா என்று மட்டுமே பார்ப்பார்கள். சர்வதேச ஜூரி அமர்ந்த போட்டியாக இருந்தால் மேல்முறையீடே கிடையாது. இதைத் தெரிந்துவைத்திருக்கும் பெற்றோர் அபூர்வம். தீர்ப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் பிறகு ஒன்றும் செய்ய முடியாமல் போகும்.

விதிகள் வெறும் கண்டிப்புக்காக மட்டும் இல்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் பூசானில் நடந்தன. பலத்த காற்று. ஃபின் பிரிவில் கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறொரு பிரிவில் ஓடிய சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து, அதன் வீரர்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள். லெமியூ தன் ரேஸை விட்டுவிட்டுப் போய் அவர்களைத் தூக்கிக் காப்பாற்றினார், மீட்புப் படகு வரும்வரை காத்திருந்தார். பின்தங்கித்தான் முடித்தார். ஜூரி அந்த ரேஸில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தது. ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்பது இந்த விளையாட்டின் முதல் விதி. அப்படி உதவப் போய் இடத்தை இழந்தவருக்கு ஈடு செய்ய வேண்டும் என்பதும் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் புத்தகத்தை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. அதில் சில விதிகளோடு தேசியச் சங்கம் தன் நாட்டுக்கான சேர்க்கைகளையும் செய்துகொள்ளலாம். போட்டி அறிவிப்பில் அவை பொருந்துமா என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள்.

பெற்றோராக உங்களையே பிடிக்கும் ஒரு விதியும் உண்டு. கோச், மேலாளர், மருத்துவர் ஆகியோரோடு பெற்றோரையும் விதிப்புத்தகம் 'உதவியாளர்' என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ரேஸ் ஓடும்போது வெளியிலிருந்து உதவி வாங்கக் கூடாது. கரையிலிருந்தோ கோச் படகிலிருந்தோ "இடப்பக்கம் போ, அங்கே காற்று இருக்கு" என்று கத்தினால் நீங்கள் விதியை மீறியவர் ஆகிறீர்கள். அதனால் அவளுக்கு லாபம் கிடைத்தது என்று கமிட்டிக்குத் தோன்றினாலோ, எச்சரித்த பிறகும் தொடர்ந்தாலோ, தண்டனைப் புள்ளி அவள் கணக்கில் ஏறும்.

அடுத்தது, எல்லாரும் கேட்கும் தேர்வு விஷயம். ஒலிம்பிக்கில் ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரே படகுதான். தகுதிப் போட்டியில் வெல்லும் இடம் நாட்டுக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல. அந்த இடத்தில் யாரை அனுப்புவது என்று முடிவெடுப்பது தேசியச் சங்கம், இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் வழியாக. 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த, ஒருவர் ஓட்டும் இல்கா 7 படகுப் பிரிவின் உலகச் சாம்பியன்ஷிப்பில் விஷ்ணு சரவணன் 26-வதாக முடித்தார். அங்கே கொடுக்க இருந்த ஏழு ஒலிம்பிக் இடங்களில் கடைசி இடம் அவர் மூலம் இந்தியாவுக்கு வந்தது. நேத்ரா குமணனுக்கு அவ்வளவு சீக்கிரம் கிடைக்கவில்லை. 2024 ஏப்ரலில் பிரான்ஸின் இயேர் நகரில் நடந்த கடைசி வாய்ப்புப் போட்டியில், வளரும் நாடுகளுக்கென ஒதுக்கிய இடத்தின் வழியாகப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குள் வந்தார். பாய்மரப் போட்டிகள் மார்செயில் நடந்தன. விஷ்ணு 18-வது, நேத்ரா 21-வது.

இதற்கு முன் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்கு பேர் போனார்கள்: நேத்ரா, விஷ்ணு, ஃபார்ட்டிநைனர் இரட்டையர் பிரிவில் கே.சி. கணபதியும் வருண் தக்கரும். 2021 ஏப்ரலில் ஓமனின் முசன்னாவில் நடந்த தகுதிப் போட்டியில் மூன்று பிரிவுகளிலும் இடம் பிடித்தார்கள். ஒரே ஒலிம்பிக்கில் மூன்று பாய்மரப் பிரிவுகளில் இந்தியா இறங்கியது அதுதான் முதல் தடவை. நால்வருமே தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர்கள். விஷ்ணு வேலூர்க்காரர், ராணுவ வீரர், அவருடைய தந்தையும் ராணுவத்தில் பாய்மரப் படகு ஓட்டியவர். மற்ற மூவரும் சென்னை. நேத்ரா இந்த விளையாட்டுக்குள் வந்தது தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷன் நடத்திய பயிற்சி முகாம் வழியாக, ஏறக்குறைய உங்கள் மகளின் வயதில். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் பெண் அவர்.

இத்தகைய தேர்வில் சங்கத்தின் நேர்மைக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. தேர்வு முறை எழுத்தில் இருக்கிறதா, முதல் தேர்வுப் போட்டிக்கு முன்பே எல்லாருக்கும் கிடைத்ததா? எந்தெந்தப் போட்டிகள் கணக்கில் வரும், எத்தனை ரேஸ் ஓடினால் அது செல்லும், மோசமான ரேஸ்களில் எத்தனையைக் கழிக்கலாம், புள்ளி சமமானால் என்ன, காயம்பட்டவருக்கு விலக்கு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2 என்று எண்ணி, குறைந்த மொத்தம் உள்ளவர் வெல்லும் விளையாட்டு இது. ஒரு ரேஸைக் கழிப்பதா இரண்டைக் கழிப்பதா என்பதிலேயே பட்டியல் தலைகீழாக மாறும். போட்டி முடிந்த பிறகு விளக்கம் சொல்லும் எந்தத் தேர்வையும், முடிவு யாருக்குச் சாதகமாக இருந்தாலும், நான் ஏற்கமாட்டேன். உங்கள் மகள் விஷயத்திலும் இதே கேள்விகளை முன்கூட்டியே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தியாவில் இந்த விளையாட்டு யார் கையில் வளர்ந்தது என்று தெரிந்தால் சங்கத்தின் குணமும் புரியும். கிளப்புகள் வெள்ளைக்காரர் காலத்தவை. ராயல் பாம்பே யாட் கிளப் 1846-ல் வந்தது. நம்முடைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911-ல் தொடங்கியவர் துறைமுகத்தைக் கட்டமைத்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். சுதந்திரத்துக்குப் பிறகு அதை விடாமல் தூக்கிப் பிடித்தது ராணுவமும் கடற்படையும். காரணம் எளிது. படகு விலை அதிகம், தண்ணீருக்குப் போகும் கரை பெரும்பாலும் துறைமுகம் அல்லது பாதுகாப்புத் துறையின் வசம், மீட்புப் படகும் ஆளும் வேண்டும். இவை மூன்றும் படைகளிடம் இருந்தன. மும்பை கொலாபாவில் ராணுவத்தின் 'யாட்டிங் நோட்' என்ற பயிற்சி மையம், கடற்படையின் பயிற்சி மையங்கள், செகந்திராபாத் உசேன் சாகரில் ராணுவ இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல்) பிரிவின் கிளப் என்று வலுவான இடங்கள் எல்லாம் அங்கேதான். ஒய்.ஏ.ஐ. தலைமையில் கடற்படை உயரதிகாரிகள் இருந்துவந்ததும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே.

பலன் கிடைக்காமல் இல்லை. 1972-ல் சோலி கான்ட்ராக்டரும் ஏ.ஏ. பாசித்தும் ம்யூனிக் ஒலிம்பிக்கில் ஓட்டினார்கள். 1982 டெல்லி ஆசிய விளையாட்டின் பாய்மரப் போட்டிகள் மும்பையில் நடந்தபோது, ஃபயர்பால் பிரிவில் ஃபரோக் தாராபூரும் ஜரீர் கரஞ்சியாவும் தங்கம் வென்றார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஹோமி மோதிவாலாவுக்கும் பி.கே. கார்குக்கும் சேர்த்தே கேல் ரத்னா கிடைத்தது, இரட்டையராக ஓட்டியதற்காக. விளையாட்டுக்கான உச்ச விருது தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பாய்மரத்துக்கு வந்தது என்பது இன்று பலருக்கு நினைவில்லை.

ஆனால் படைகளை நம்பி வளர்ந்ததில் ஒரு குறையும் உண்டு. ராணுவ வீரருக்கு வேலை, சம்பளம், படகு, நேரம் எல்லாம் கிடைக்கிறது. வெளியிலிருந்து வரும் பிள்ளைக்குப் பெற்றோரின் பணம்தான். பள்ளி, தேர்வு, கல்லூரி என்று வரிசையாக வரும்போது ஆப்டிமிஸ்டில் அசத்திய பிள்ளைகளில் பலர் பதினாறு வயதில் நின்றுவிடுகிறார்கள். இந்த வெற்றிடத்தைச் சில இடங்கள் நிரப்பத் தொடங்கியிருப்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. போபாலின் பெரிய ஏரியில் இருக்கும் நேஷனல் செயிலிங் ஸ்கூல், கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்துப் பிள்ளைகளை எடுத்து வளர்க்கிறது. தேவாஸ் மாவட்டத்திலிருந்து அங்கே போன நேஹா தாக்கூர் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இல்கா 4 பிரிவில் வெள்ளி வென்றார். அதே போட்டிகளில் விஷ்ணு சரவணனுக்கு இல்கா 7-லும் ஈபாத் அலிக்கு விண்ட்சர்ஃபிங்கிலும் வெண்கலம். சென்னையின் வழி வேறு. தனியார் முயற்சி, கோடை முகாம், துறைமுகத்தின் அனுமதி, பெற்றோர்களின் பிடிவாதம் ஆகியவற்றால் ஆனது அது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் வர்ஷா கௌதமும் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனும் வெண்கலம், 2018 ஜகார்த்தாவில் வர்ஷாவும் ஸ்வேதா ஷெர்வேகரும் வெள்ளி, அதே ஆண்டு வருணும் கணபதியும் வெண்கலம். இவ்வளவு சிறிய வட்டத்திலிருந்து இவ்வளவு வந்திருக்கிறது.

பணத்தைப் பற்றி. மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த சங்கத்துக்கு ஆண்டுப் பயிற்சித் திட்டத்தின் கீழ் நிதி வரும். தேசிய முகாம், வெளிநாட்டுப் போட்டி, வெளிநாட்டுக் கோச் எல்லாம் அதில் அடக்கம். ஒலிம்பிக் வாய்ப்புள்ள சிலருக்கு 'டாப்ஸ்' திட்டம் தனியாக உதவும். ஆப்டிமிஸ்ட் வயதில் இவை எதுவும் உங்கள் வீட்டு வாசலுக்கு வராது, அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தரப் போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில். நேத்ரா ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் போய்த்தான் பயிற்சி எடுத்தார். இங்கே நாற்பது நல்ல படகுகள் ஒரே கோட்டில் ஸ்டார்ட் ஆகும் ரேஸ் எத்தனை நடக்கிறது? அந்த நெருக்கடியில் திரும்பத் திரும்ப ஓட்டாமல் யாரும் மேலே போக முடியாது. ஆகவே ஒரு தேசியச் சங்கத்தின் ஆண்டு அட்டவணையைப் பார்த்தாலே அதன் அக்கறை தெரிந்துவிடும் என்பேன்: எத்தனை ரேங்கிங் போட்டிகள், எத்தனை ஊர்களில், பள்ளித் தேர்வுகளோடு மோதாமல் வைத்திருக்கிறார்களா?

பிரிட்டனின் சங்கம் 1875-ல் தொடங்கியது, உலகச் சங்கத்தை விட மூத்தது. அதற்கு ஒரு லட்சத்துக்கும் மேல் தனிநபர் உறுப்பினர்கள். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஓட்டும் ஆசிரியரும் கடைக்காரரும் சந்தா கட்டுகிறார்கள். அங்கே பொழுதுபோக்குக்குப் படகு ஓட்டச் சட்டப்படி உரிமம் தேவையில்லை, இருந்தும் அந்தச் சங்கத்தின் பயிற்சிச் சான்றிதழை மக்கள் தேடிப் போய் வாங்குகிறார்கள். அதன் மேல்தான் விளையாட்டுக்கென ஒதுக்கிய தேசிய லாட்டரிப் பணம் வந்து சேர்ந்தது. 1996 ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளியோடு நின்ற அவர்கள் 2000 சிட்னியில் மூன்று தங்கம், இரண்டு வெள்ளி எடுத்தார்கள். நமக்குப் பணமும் வேண்டும்தான். அதைவிட முதலில் வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். போட்டிக்குப் போகாமல் சும்மா ஓட்டுகிறவர்கள்தான் நாளைய ரேஸ் ஆபீசர்கள், ஜட்ஜ்கள், மீட்புப் படகு ஓட்டுகிறவர்கள்.

2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாத் தேசியச் சங்கங்களையும் அங்கீகரிக்க ஒரு வாரியம், தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம். செயற்குழுவில் அதிகபட்சம் 15 பேர், அதில் சாதித்த வீரர்கள் குறைந்தது இருவர், பெண்கள் குறைந்தது நால்வர். வீரர்களுக்கென்று தனிக் குழு வேண்டும், சிறார் மற்றும் பெண்களின் பாதுகாப்புக்குக் கொள்கை வேண்டும். கடைசியில் சொன்னது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். வெளியூர் முகாமுக்கு அனுப்பும்போது யார் உடன் வருகிறார்கள், பெண் பொறுப்பாளர் உண்டா, புகார் இருந்தால் யாரிடம் சொல்வது என்று கிளப்பிடமும் சங்கத்திடமும் எழுத்தில் கேளுங்கள்.

இப்போது உங்கள் மகளுக்கு என்ன செய்யலாம்? போட்டிக்குப் பதிவு செய்யும்போது கிளப் உறுப்பினர் நிலை, பிறந்த தேதிச் சான்று, நீச்சல் தகுதி, படகின் அளவைச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள், ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஆப்டிமிஸ்டை 15 வயது நிறையும் ஆண்டு முடியும்வரை ஓட்டலாம். எடை கூடிவிட்டால் அதற்கு முன்பே இல்கா 4-க்கோ இருவர் ஓட்டும் படகுக்கோ மாறுவது நல்லது. கோச்சின் பேச்சைக் கேளுங்கள், பதக்கத்துக்காகச் சின்னப் படகிலேயே பிடித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வகுப்புச் சங்கம் உண்டு. படகின் அளவு, பாய், உபகரணம் பற்றிய விதிகள் அவர்களுடையது. வழிவிடும் விதிகள் உலகச் சங்கத்தினுடையவை. இரண்டையும் குழப்பிக்கொண்டு சரியில்லாத மிதவைச் சட்டையோடு போய் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

விதிப்புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முழுவதும் படிக்க வேண்டாம், படகும் படகும் சந்திக்கும்போது என்ன செய்வது என்ற இரண்டாம் பகுதி மட்டும் போதும், சில பக்கங்கள்தான். சாப்பாட்டு மேசையில் தீப்பெட்டிகளை வைத்து அவளோடு ஆடிப் பாருங்கள். அடுத்த போட்டியில் அவள் சம்பந்தப்படாத ஒரு விசாரணை நடந்தால், பார்வையாளராக உட்கார அனுமதி கிடைக்குமா என்று கமிட்டித் தலைவரிடம் கேளுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள். உங்கள் மகளுக்கு ரேஸ் இல்லாத நாளில் நீங்களும் கமிட்டிப் படகில் ஏறிக் கொடி தூக்க, நேரம் குறிக்க உதவ முன்வாருங்கள். எந்தக் கிளப்பிலும் அதற்கு ஆள் பற்றாக்குறைதான். விருப்பம் இருந்தால் ஒய்.ஏ.ஐ. நடத்தும் ரேஸ் ஆபீசர் பயிலரங்கு அடுத்து எப்போது என்று கிளப் செயலாளரிடம் விசாரியுங்கள், பெற்றோர்களும் அதில் சேரலாம்.